பின்னால் நீட்டிய கை

காபிக் கடைச் செவுத்துல போட்டோவ ரொம்ப நேர்த்தியா மாட்டியிருக்கீங்கம்மா. ஆணிகூட வெளிய தெரியல. எங்க ஸ்கூல்ல தலைவருங்க படம் மாட்டச் சொன்னா செவுத்துல பாதியப் பேத்துட்டுத்தான் மாட்டுவாங்க. அப்புறமும் படம் ஒரு பக்கம் சாஞ்சுக்கிட்டே இருக்கும். இது நூல் புடிச்ச மாதிரி நிக்குது.

காபி வேணாம், இப்பதான் குடிச்சுட்டு வரேன். நீங்கதான ஓவியா, இந்தப் படமெல்லாம் எடுத்தவங்க? காலையில வந்தா உங்களப் பாக்கலாம்னு கவுண்ட்டர்ல சொன்னாங்க. என் பேரு அருணாதேவி. வேங்கிக்கால் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில டீச்சர். போன ஞாயித்துக்கெழம அருணகிரின்னு ஒருத்தரு வந்து இந்தப் பெரிய படத்த வெல பேசி எடுத்து வெக்கச் சொல்லிட்டுப் போனாரே, கவுண்ட்டர்ல சொன்னாங்களா? கலெக்டர் ஆபீஸ்ல வேல பாக்கிறவரு. அவருக்கும் எனக்கும் ஆவணியில கல்யாணம். இந்த வயசுல என்ன கல்யாணம்னு நீங்க நெனைக்கலாம், தப்பில்ல. எனக்கே நாப்பது தாண்டிருச்சு. அவரு சம்சாரம் தவறி ரொம்ப வருஷம் ஆச்சு. புது வீட்டு ஹால்ல இந்தப் படத்த மாட்டணும்னு ஆசப்படறாரு. யாரோ பெரிய மகான் மாதிரி இருக்காரு, பாத்தாலே மனசு அடங்குதுன்னாரு.

மாட்டட்டும். எனக்கு ஆட்சேபண ஒண்ணுமில்ல. ஒரே ஒரு திருத்தம் கேக்கத்தான் வந்தேன். கீழ ‘தனியே’ன்னு தலைப்பு போட்டிருக்கீங்க. அது தப்பு. அத மட்டும் மாத்திக் குடுத்துடுங்க.

ஏன் தப்புன்னா கேக்கிறீங்க. நியாயமான கேள்வி, சொல்றேன். பக்கத்துல ஒரு பலகை வெச்சு, ‘இந்தப் படம் சொல்லும் கதையை எழுதுங்கள்’னு போட்டு, வரவங்க போறவங்க எல்லாம் சீட்டு எழுதிக் குத்தியிருக்காங்க பாருங்க. அத்தனையும் படிச்சேன். அருணகிரி கூட வந்தப்பவே படிச்சேன், இப்ப நீங்க வர்றதுக்கு முன்னாடியும் இன்னொரு தடவ படிச்சேன். எனக்கு அது பழக்கம். இருவது வருஷமா மூணாங்கிளாஸுக்கு ‘படம் பார்த்துக் கதை சொல்’ எடுக்கறவ நான். புள்ளைங்க கிட்ட ரெண்டே விதிதான் சொல்வேன். படத்துல இல்லாததச் சொல்லக் கூடாது. படத்துல இருக்கிறத விடக் கூடாது. இந்த ரெண்டுல கோட்ட விட்டா மார்க்கு கம்மி.

உங்க சீட்டுங்கள நான் திருத்தினா எல்லாரும் பாஸ்தான், ஆனா ஒருத்தருக்கும் முழு மார்க் இல்ல. ஒரு வெள்ளக்காரம்மா எழுதினத நீங்க தமிழ்ல போட்டிருக்கீங்க, இவரு கடவுளோட கையப் புடிச்சுக்கிட்டு நடக்கறாருன்னு. இன்னொருத்தர், பிச்ச கேக்க வெக்கப்பட்டு கைய பின்னால மறைக்கறாருன்னு எழுதியிருக்காரு. ஒரு சின்னப் பொண்ணோட கையெழுத்து, பொண்டாட்டி செத்துப் போயிட்டா, அவ வருவான்னு கைய நீட்டறாருன்னு இருக்கு. அந்தப் பொண்ணு கிட்ட வந்துட்டா. அவளுக்கு ரெண்டு மார்க் ஜாஸ்தி போடலாம்.

சரி, நான் சொல்றேன். வகுப்புல சொல்ற மாதிரியே வரிசையாச் சொன்னா உங்களுக்கும் லேசா இருக்கும். முதல்ல, படத்துல யாரு இருக்கா? ஒரு ஆம்பள இருக்கான், இடது கைய பின்னால நீட்டிக்கிட்டு நடக்கறான். மலை அவனுக்கு வலது கைப் பக்கம் இருக்கு, அதனால அவன் கிரிவலம் போறான். கிரிவலப் பாதை வெறிச்சோடிக் கெடக்கு, அதனால பௌர்ணமி முடிஞ்சிருச்சு. தல மொட்ட, சந்தனம் காஞ்சு வெடிச்சுப் போயிருக்கு. மொட்டையப் பாத்துட்டு எல்லாரும் வேண்டுதல்னு எழுதியிருக்காங்க. வேண்டுதல் ஒண்ணும் கெடயாது. நான்தான் பௌர்ணமிக்கு மொத நாளு கூட்டிட்டுப் போய் உக்கார வெச்சு எடுத்தேன். தாடியையும் சேத்து எடுத்தாச்சு. அவன் என் தம்பி. பேரு மாறன்.

எழுந்திருக்காதீங்க, உக்காருங்க. போன்ல ரெக்கார்டு பண்றீங்கன்னு தெரியுது. பரவால்ல, டேபிள் மேலயே வெச்சுக்கோங்க, அப்பதான் தெளிவா விழும்.

மாறனுக்கு முப்பத்தஞ்சு வயசு. உடம்புதான் முப்பத்தஞ்சு. உள்ளுக்குள்ள அஞ்சு வயசுல வண்டி நின்னுடுச்சு. பொறக்கும்போதே அப்படின்னு டாக்டருங்க சொன்னாங்க. எங்கம்மா ரேணுகாம்பாள் மட்டும் கடைசி வரைக்கும் ஒத்துக்கல, புள்ள கொஞ்சம் மெதுவுன்னுதான் சொல்லிக்கிட்டிருந்தாங்க. நல்ல புள்ள. அடம் கெடயாது, கோவம் கெடயாது. ஒரு தடவ ஒண்ணச் சொல்லிக் குடுத்துட்டா போதும், செத்தாலும் மாத்த மாட்டான். இருவது வருஷத்துல அந்த மாதிரி ஒரு மாணவன் எனக்குக் கெடைக்கல.

அவனுக்கு நான் சொல்லிக் குடுத்த மொதப் பாடமே அந்தக் கைதான். சின்ன வயசுல கூட்டத்துல போனா அவன் பின்தங்கிடுவான், பராக்குப் பாத்துக்கிட்டு நின்னுடுவான். அதனால அவன முன்னாடி விட்டுட்டு நான் பின்னாடி போவேன். இடது கைய பின்னால நீட்டுடா, அக்கா சுண்டு வெரலப் புடிச்சிக்கிறேன்னு சொல்லி வெச்சேன். அப்பலேர்ந்து வெளிய கால வெச்சா கை தானா பின்னால வந்துடும். கடைக்குப் போனாலும், ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அப்படித்தான். தெருவுல பாக்கிறவங்க சிரிப்பாங்க. எனக்கு அப்பெல்லாம் பெருமையாத்தான் இருந்துச்சு.

அம்மா பௌர்ணமி தவறாம அவனக் கிரிவலம் கூட்டிட்டுப் போவாங்க. மலைய சுத்தினா என்னிக்காவது தெளிஞ்சிடும்னு ஒரு நம்பிக்கை. அவங்க சொல்லிக் குடுத்தது ஒண்ணு உண்டு. கிரிவலம் கெளம்பிட்டா வந்த வழியில திரும்பக் கூடாது, திரும்பிப் பாக்கவும் கூடாது, பாத்தா சாமி கண்ணக் குத்தும். எல்லா வீட்டுலயும் சொல்றதுதான் இது. நம்ம புள்ளைங்க பத்து வயசுல அத நம்பறத விட்டுடுவாங்க. அவன் விடல.

அடுத்து, கழுத்தப் பாருங்க. யாருமே எழுதல இத. வெயில்ல கறுத்த கழுத்துல ஒரு கோடு மட்டும் வெளுப்பா இருக்கு, தெரியுதா? அங்க ஒரு கருப்புக் கயிறு இருந்துச்சு. அதுல ஒரு செப்புத் தகடு. பாத்திரத்துக்குப் பேரு வெட்டறவங்க கிட்ட அம்மா குடுத்து, அவன் பேரு, எங்க தெரு, என் போன் நம்பர் எல்லாம் வெட்டி வாங்கிப் போட்டது. குளிக்கும்போதுகூட கழட்ட மாட்டான். மொட்ட போட்ட அன்னிக்கு, சாமி கிட்டப் போகும்போது கருப்பு எதுக்குடான்னு சொல்லி நான் கழட்டினேன். சரிக்கான்னு குனிஞ்சு குடுத்தான். இன்னும் என் பீரோவுலதான் பத்திரமா இருக்கு.

நீங்க யோசிக்கிறது புரியுது. அப்போ எல்லாம் முன்கூட்டியே திட்டம் போட்டுத்தான் செஞ்சிருக்கா இந்தப் பொம்பளைன்னு. திட்டம்னு சொல்ல முடியாது. ஒவ்வொண்ணா செஞ்சேன், அது தானா ஒரு வரிசையில வந்து நின்னுடுச்சு.

அம்மா போய் ரெண்டு வருஷம் ஆச்சு. கடைசியா பேசினது, அவன் கைய விட்டுடாதடின்னுதான். நான் தலைய ஆட்டினேன். சத்தியமெல்லாம் பண்ணல. அப்புறம் அந்த ரெண்டு வருஷம் எப்படின்னு சொன்னா உங்களுக்கு அலுப்புத் தட்டும். காலையில குளிப்பாட்டி, ஊட்டி, டிவியப் போட்டுட்டு, வெளிய பூட்டிட்டு ஸ்கூலுக்குப் போவேன். சாயங்காலம் பூட்டத் தெறந்தா கதவுக்குப் பின்னாடியே நிப்பான், முதுகக் காட்டிக்கிட்டு, கைய பின்னால நீட்டிக்கிட்டு. எப்போலேர்ந்து நிக்கறான்னு தெரியாது. நான் செருப்பக்கூட கழட்டாம அந்த வெரலப் புடிக்கணும். புடிச்சாத்தான் சிரிப்பான். முப்பது வருஷமா புடிச்ச வெரலு. ஒரு நாளாவது, ஒரே ஒரு நாளாவது, கதவத் தெறந்தா யாரும் கைய நீட்டாம இருக்கணும்னு எனக்கு ஆசை வந்துடுச்சு. வெறின்னே வெச்சுக்கோங்க.

அருணகிரியால வந்த வினைன்னு நெனச்சிடாதீங்க. அவரு தங்கம். பொண்ணு பேச வந்த அன்னிக்கு, உள்ள ரூம் கதவிடுக்குல தாடியும் கண்ணுமா ஒரு உருவத்தப் பாத்தாரு, யாருன்னு கேட்டாரு, சொன்னேன். புது வீட்டுல கீழ ஒரு ரூம் இருக்கு, காத்தோட்டமா இருக்கும், அவரு நம்ம கூடவே இருக்கட்டும்னாரு. ஆம்பளைங்க கல்யாணத்துக்கு முன்னாடி அப்படித்தான் சொல்வாங்கன்னு நான் நெனச்சுக்கிட்டேன். நெனச்சுக்கிட்டது எனக்கு வசதியா இருந்துச்சுன்னும் சொல்லலாம்.

ஹோம்ல விட்டிருக்கலாமேன்னு கேப்பீங்க. விசாரிச்சேன். நல்ல ஹோம்தான், பக்கத்துலயேதான் இருக்கு. ஆனா கையெழுத்துப் போட்டு ஒப்படைச்சா, கூடப் பொறந்தவனக் கொண்டுபோய்த் தள்ளிட்டு கல்யாணம் பண்ணிக்கிட்டாளேன்னு ஊரு பேசும். ஊரு வாய மூட உலைமூடியா இருக்கு? அது மட்டுமில்லாம, முன்ன பின்ன தெரியாதவங்க மத்தியில அவன விட எனக்கு மனசு வரல. என்ன இருந்தாலும் தம்பி.

நம்ம ஊர்ல யாருமில்லாதவங்களுக்கெல்லாம் மலைதான் கதி. உங்களுக்குத் தெரியாததில்ல. எங்கெங்கேர்ந்தோ வந்து காவியக் கட்டிக்கிட்டு பாதையிலயே காலத்த ஓட்டறாங்க. மூணு வேளையும் எங்கயாவது அன்னதானம் நடக்குது. யாரும் பேரு கேக்கறதில்ல, ஊரு கேக்கறதில்ல. அதுல இவனும் ஒருத்தனா ஆயிடுவான்னு நெனச்சேன். ரெண்டு மூணு நாளு திண்டாடுவான், அப்புறம் பழகிடும். ஸ்கூல்ல சேக்கறப்ப புள்ளைங்க அழற மாதிரிதான. அம்மாக்காரி வாசல்ல நிக்கற வரைக்கும்தான் அழும்.

சித்ரா பௌர்ணமி அன்னிக்கு வெயில் தாழ கெளம்பினோம். கோபுரத்துக்கு முன்னால கற்பூரம் ஏத்தினோம். இதோ இந்த செங்கம் ரோட்டு வழியாத்தான், இந்தக் கடை வாசலத் தாண்டித்தான் போனோம். அக்கினி லிங்கத்துகிட்ட நீர்மோர் குடுத்தாங்க. ரெண்டு டம்ளர் வாங்கிக் குடிச்சான், மேலுதட்டுல ஒட்டிக்கிச்சு, நான்தான் முந்தானையில தொடச்சேன். நிருதி லிங்கத்துகிட்ட பாதை ரோட்ட விட்டுத் திரும்புது பாருங்க, அங்க கூட்டம் நெருக்கித் தள்ளும். அங்க வந்ததும் வெரல விட்டேன்.

“மாறா, அக்கா பின்னாடியே வரேன். நீ திரும்பாம நட. கைய நீட்டியே வெச்சிரு.”

“எப்பக்கா புடிப்ப?”

“நீ நடந்தா புடிப்பேன்.”

சரின்னு தலையாட்டிட்டு நடந்தான். நான் அப்படியே நின்னேன். கூட்டம் என்னச் சுத்திக்கிட்டுப் போச்சு. அவன் மொட்டத் தல கொஞ்ச தூரம் தெரிஞ்சுது, அப்புறம் நெறைய மொட்டத் தலைங்களுக்கு நடுவுல எதுன்னு தெரியாமப் போச்சு. தானாடாட்டியும் தசை ஆடும்னு சொல்வாங்க. எனக்கு ஆடிச்சு, இல்லன்னு சொல்ல மாட்டேன். கொஞ்ச நேரம் அழுதேன். அப்புறம் ஆட்டோ புடிச்சு வீட்டுக்குப் போனேன். கதவத் தெறந்தேன். யாரும் இல்ல. அன்னிக்குத் தூங்கின மாதிரி நான் என்னிக்கும் தூங்கினதில்ல.

மறுநாள் அருணகிரி கூடவே வந்து போலீஸ்ல புகார் எழுதிக் குடுத்தாரு. கூட்டத்துல கை நழுவிடுச்சுன்னு சொன்னேன். போட்டோ கேட்டாங்க. குடுத்தேன். அவனுக்கு இருவது வயசு இருக்கும்போது கல்யாண வீட்டுல எடுத்தது, சுருட்ட முடி, கன்னமெல்லாம் சதையா, கூலிங்கிளாஸ் வேற. ரொம்ப அழகா இருப்பான் அதுல. அவங்களும் அத வெச்சுக்கிட்டுத் தேடினாங்க பாவம். ஒரு போட்டோன்னா அது சொல்றத அப்படியே நம்பிடறாங்க. உங்களுக்கு நான் சொல்லணுமா.

புகார் குடுத்துட்டு நேரா பாதைக்குத்தான் போனேன். என்ன ஆனான்னு பாக்க வேணாமா? ஆட்டோவுல போய் நிருதி லிங்கத்துகிட்ட எறங்கி, எதுத்தாப்புல இருந்த டீக்கடையில உக்காந்தேன். ரொம்ப நேரம் காக்க வேண்டியிருக்கும்னு நெனச்சேன். வந்துட்டான். சுத்தி முடிச்சு மறுபடியும் அதே இடத்துக்கு வந்திருக்கான். எங்க வெரல விட்டேனோ அங்க நின்னான். கைய பின்னால நீட்டினான். கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டு, நடந்தாத்தான புடிப்பேன்னு நான் சொல்லியிருந்தேனே, அதனால திரும்பவும் நடக்க ஆரம்பிச்சுட்டான். ராத்திரியெல்லாம் எத்தன சுத்து சுத்தினான்னு எனக்குத் தெரியாது. டீக்கடைக்காரருதான் சொன்னாரு, மௌன சாமிம்மா, நேத்துலேர்ந்து நிக்காம சுத்துது, ஏதோ பெரிய வைராக்கியம்னு.

அதுதான் விஷயம். வேற எந்த ஊரா இருந்தாலும் ஒருத்தன் மொட்ட வெயில்ல கால் வெந்து, பேச்சில்லாம, ஒரே ரோட்ட சுத்திக்கிட்டிருந்தா யாராவது நிறுத்தி, யாருப்பா நீ, வீடு எங்கன்னு கேப்பாங்க. நம்ம ஊர்ல வழி விடுவாங்க. கால்ல விழறாங்கம்மா. வாழப்பழத்த உரிச்சு வாயில வெக்கறாங்க. நான் பாத்தேன், ஒரு குடும்பமே வரிசையா நின்னு, அந்த நீட்டின கையில தன்னோட கைய வெச்சு ஆசீர்வாதம் வாங்கிட்டுப் போச்சு. ஒவ்வொரு கை பட்டப்பவும் அவன் மூஞ்சி சிரிச்சுது. உடனே கை நழுவிப் போச்சு. திரும்பியும் நீட்டினான்.

கோவப்படாதீங்க. கண்ணத் தொடச்சுக்கோங்க. இன்னும் படத்துல பாக்க வேண்டியது இருக்கு.

பாதத்தப் பாருங்க. துணி சுத்தியிருக்கே, அது யாரோ ஒரு சாமியாரு தன்னோட துண்டக் கிழிச்சுக் கட்டினது. மூணாவது நாள் காலையில நான் போறப்பவே கட்டியிருந்துச்சு. அன்னிக்கு நான் டீக்கடையில உக்காரல. கூடவே நடந்தேன். குடைய எடுத்துட்டுப் போயிருந்தேன், அக்கினி நட்சத்திரம் ஆரம்பிக்கலன்னாலும் வெயிலு மண்டையப் பொளந்துச்சு. அவனுக்குக் கேக்கக் கூடாதுன்னு கொலுசக் கழட்டிப் பையில போட்டுக்கிட்டேன். எதுக்குப் போனேன்னு கேட்டா, பாத்துக்கத்தான் போனேன். திரும்பறானான்னு பாக்கவும்தான்.

அடி அண்ணாமலை தாண்டி புளியமரமெல்லாம் முடிஞ்சு வெட்டவெளியா வருமே, அங்கதான் நீங்க நின்னீங்க. ரோட்டுக்கு அந்தாண்ட பைக்க நிறுத்திட்டு, மண்டி போட்டு, கேமராவ கண்ணுல வெச்சுக்கிட்டு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அவன் உங்களத் தாண்டற வரைக்கும் எடுத்தீங்க. எடுத்து முடிச்சு, அதுல சரியா விழுந்திருக்கான்னு பாத்தீங்க. உங்க மூஞ்சியில ஒரு சந்தோஷம். அப்புறம் வண்டிய எடுத்துட்டுப் போயிட்டீங்க. உங்க பையில தண்ணி பாட்டில் இருந்துச்சு. குத்தமாச் சொல்லல. நீங்களும் சாமின்னுதான நெனச்சீங்க.

அதுக்கப்புறம் அவன் ரொம்ப தூரம் நடக்கல. வாயு லிங்கம் வர்றதுக்கு முன்னாடியே முழங்கால் மடங்கி, ரோட்டோரத்துல அப்படியே ஒக்காந்த மாதிரி சாஞ்சான். விழும்போதுகூட மூஞ்ச முன்னாடிதான் வெச்சிருந்தான். கடைசி வரைக்கும் திரும்பல. அவ்வளவு நல்ல புள்ள.

கரும்பு ஜூஸ் விக்கிற பொம்பள ஒருத்தி, ஆராயின்னு பேரு, மெஷின அப்படியே ஓட விட்டுட்டு ஓடியாந்தா. இன்னா சாமி, எந்திரி சாமின்னு தலைய மடியில தூக்கி வெச்சுக்கிட்டு ஜூஸ ஊத்தினா. எறங்கல, கடவாயில வழிஞ்சுது. அப்ப அவ அந்தக் கையப் புடிச்சா. இடது கை. மாறன் வெரல மூடிக்கிட்டு, ‘அக்கா’ன்னான். நல்லாக் கேட்டுச்சு எனக்கு. அவ கைய என் கைன்னு நெனச்சுட்டான். எனக்கு அதுல கொஞ்சம் வருத்தம்தான். முப்பது வருஷம் புடிச்சவ நானு, கடைசியில அவளுக்குப் போயிடுச்சு.

நாலு பேரு கூடிட்டாங்க. ஒருத்தர் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாரு. ஆராயி அண்ணாந்து என்னப் பாத்தா.

“அக்கா, நீங்க காலையிலேர்ந்து இவரு பின்னாலயே வந்தீங்களே. தெரிஞ்சவங்களா?”

“இல்லம்மா. சும்மா பக்தியில வந்தேன்.”

ஒரு வாரம் கழிச்சு போலீஸ்ல கூப்பிட்டு, பாதையில கெடச்ச ஒரு உடம்பு இருக்கு, உங்க தம்பியான்னு பாருங்கன்னாங்க. அருணகிரி வெளிய நின்னாரு, நான் மட்டும் உள்ள போனேன். பாத்தேன். இல்லன்னு சொன்னேன். ஆமான்னு சொன்னா அப்புறம் மொட்ட ஏன், தகடு எங்க, ஆராயி ஏன் உன்ன அடையாளம் சொல்றான்னு ஒண்ணொண்ணா வரும். கேட்பாரில்லாத உடம்புங்களுக்கு செய்யறவங்க இருக்காங்க, அவங்க மரியாதையா மாலையெல்லாம் போட்டுத்தான் அடக்கம் பண்ணாங்கன்னு கேள்விப்பட்டேன். வெளிய வந்ததும் அருணகிரி என் தோளத் தட்டிக் குடுத்து, இருக்கான்னு நம்புங்க, எங்கயாவது நல்லா இருப்பான்னாரு. இன்னமும் கீழ் ரூம அவனுக்குன்னுதான் வெச்சிருக்காரு.

அப்போ கொன்னது யாருன்னு கேட்டா, நான்தான். வெயிலு, வைராக்கியம், ஊரு நம்பிக்கைன்னு ஆயிரம் சொல்லலாம். எல்லாம் படத்துல இல்லாதது. வெரல விட்டது நான். தகட்டக் கழட்டினது நான். மூணு நாளும் கண்ணால பாத்துக்கிட்டே இருந்தது நான். நீங்க போலீஸ் கிட்ட சொல்றதுன்னா சொல்லுங்க, தடுக்க மாட்டேன். ஆனா தலைப்ப மாத்திட்டு அப்புறம் சொல்லுங்க.

ஏன்னா அந்த ‘தனியே’ என்னத் தூங்க விட மாட்டேங்குது. ஹால்ல சோபாவுக்கு நேர் எதுருல மாட்டப் போறாரு. தெனம் விளக்கேத்தறப்ப அத நான் படிக்கணும். மத்ததையெல்லாம் தாங்கிக்குவேன், பொய்யத் தாங்க முடியாது. புள்ளைங்க கிட்டகூட நான் பொய்ய மட்டும் மன்னிக்க மாட்டேன்.

எழுந்து வாங்க, கிட்ட வந்து பாருங்க. வலது பக்கம் கீழ் மூலை. ரோட்டு மேல வளைவா, கறுப்பா, நகத்துணுக்கு மாதிரி ஒண்ணு தெரியுது இல்ல? ஒருத்தர் காக்கா நெழல்னு எழுதியிருக்காரு. அருணகிரி அச்சுல வந்த கறைன்னு சொல்லி, வேற பிரிண்டு கேக்கலாமான்னாரு. கறை இல்லம்மா. நட்ட நடு மத்தியானம், நெழலு அவங்கவங்க காலடியிலதான விழும். அது என் குடையோட நெழலு.

இந்தப் படத்த நீங்க வலது ஓரத்துல வெட்டியிருக்கீங்க. உங்க கேமராவுல முழுசு இருக்கும், எடுத்துப் பாருங்க. பச்சப் பொடவ, கறுப்புக் குடை, கையில ஒரு மஞ்சப் பை. அவன் நீட்டின கைக்கும் எனக்கும் நடுவுல எவ்வளவு எடம் இருக்குன்னும் பாருங்க. நான் கைய நீட்டினா அந்த வெரல் கெடச்சிருக்கும், அவ்வளவுதான் தூரம். பின்னாடியே வரேன்னு சொன்னேன், வந்தேன். அம்மா கிட்ட தலையாட்டினதுக்கும் கூடவேதான் இருந்தேன். புடிக்கலதான். ஆனா அவன் தனியா இல்ல, யாரும் அப்படிச் சொல்ல முடியாது.

அதனால அந்த ஓரத்த வெட்டாம, முழுசா பிரிண்டு போட்டுக் குடுங்க. கீழ ‘அக்காவும் தம்பியும்’னு எழுதிடுங்க.